பூனைக்கென்று வைத்த சோறு

வைக்கோலை எப்படி உதறுவது, கிளிஞ்சல் சுண்ணாம்பை எந்தப் பதத்தில் கலப்பது, அச்சிலிருந்து பலகையை எப்போது எடுப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தரப் பட்டறையில் ஆள் இருக்கிறார்கள். எனக்கு முழங்கால் போய்விட்டது. ஏணி ஏற முடியாதவளுக்கு நம் தொழிலில் என்ன வேலை? அதனால் நின்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் எழுதினால் யார் படிப்பார்கள், படித்தால் சிரிப்பார்களா என்று பல நாள் யோசித்தேன். யோசித்து யோசித்துக் கவலைப்படுவது ஒன்றுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து நன்றாக வரும்.

அதற்காகத்தான் என்னை வேலைக்கே சேர்த்தார்கள். ஆரம்பாக்கத்தில் பட்டறை தொடங்கிய புதிதில், எங்கள் மேஸ்திரி என்னிடம் ஒரு பலகையைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். அறுவடை முடிந்த வயலில் கொளுத்திப் போடுகிற வைக்கோலைச் சுண்ணாம்போடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை. அதைக் கூரைச் சீட்டுக்கு அடியில் வரிசையாகக் கட்டினால் வெயில் கீழே இறங்காது என்றார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தலைமேல் விழாதா, தீப்பிடிக்காதா, மழையில் நாறாதா, கரையான் வராதா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"நாளிக்கு வந்துடு" என்றார்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்களே" என்றேன்.

"தெரிஞ்சவன் நிறையப் பேரு கீறான். கூரைக்கு அடியில ஆளு படுக்கப் போறாங்க. பயப்படாதவன் கையில அத்தக் குடுக்க எனக்கே பயமா கீது."

அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. பலகை கட்டிய வீடுகளுக்குக் கொஞ்ச நாள் கழித்துப் போய், குறை இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வருவது. அந்த வேலையை இப்போது உங்களில் சிலர் செய்யப் போகிறீர்கள். உங்களுக்காகத்தான் கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இது சந்தோஷமான கதை இல்லை. முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆரம்பாக்கத்துப் பக்கம் விவசாய வீடுகளில் கட்டிப் பார்த்தோம். நல்ல பெயர் வந்தது. அடுத்த வருஷம் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து கேட்டு வந்தார்கள். அங்கெல்லாம் சிமெண்ட் சீட்டு வீடுகள். ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், காற்றுக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். மத்தியானம் அந்தச் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது கோட்டைக்குப்பத்துத் தேசப்பன் வீடு. அங்கே மூன்று பேர். தேசப்பன், அவர் மனைவி லட்சுமி, தேசப்பனின் தம்பி ஏழுமலை. ஏழுமலை கடலில் படகைத் தள்ளும்போது அலை படகைத் திருப்பிப் போட்டதில் முதுகு ஒடிந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. உட்கார வைத்தால் கொஞ்ச நேரம் உட்காருவான், பிறகு சாய்த்துவிட வேண்டும். அண்ணன் ஏரிக்குப் போய்விடுவார். அண்ணி மீன்கூடையோடு போய்விடுவாள். ஏழுமலையும் சீட்டும்தான் பகல் முழுவதும். வியர்வையில் முதுகும் புட்டமும் ஊறி ஊறிப் படுக்கைப் புண் வைத்துவிட்டது. புண்ணுக்குக் கட்டுப் போட வருகிற நர்சம்மா, "மருந்து நான் போட்டுடுவேன். இந்த வேர்வைய நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதைக் கேட்டுத்தான் லட்சுமி பட்டறையைத் தேடி வந்தாள்.

பங்குனியில் கட்டினோம். சீட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி விட்டு, சவுக்குக் கழிகளில் கம்பி போட்டு இறுக்கினோம். முதல் தடவை பார்த்துவிட்டு வரப் போனபோது நடு மத்தியானம். ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தான். லட்சுமி வாசலில் உட்கார்ந்து என்னைக் கையமர்த்தினாள்.

"எழுப்பாதக்கா. பகல்ல இவன் தூங்கிப் பாத்தே எவ்ளோ நாளாச்சி" என்றாள்.

அடுத்த தடவை போனபோது புண் காய ஆரம்பித்திருந்தது. ஏழுமலை விழித்துக்கொண்டிருந்தான். போனில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போனதும் இன்னும் சத்தமாக வைத்தான்.

"ஏதாச்சும் குறை இருக்கா தம்பி?"

"ஒன்னும் இல்லக்கா. சூப்பரா கீது."

"கீழ ஏதாச்சும் தூசி கொட்டுதா? வாசனை வருதா?"

"இல்லக்கா. நீ ஏங்கா பேஜார் பண்ணிக்கிற? உக்காரு, பாட்டு கேளு."

அப்போது பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று வந்து கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து மேலே பார்த்தது. ஏழுமலை கையிலிருந்த துண்டைச் சுழற்றி, "அண்ணி, இந்தப் பூனைய வெரட்டு. முடி எல்லாம் புண்ணுல ஒட்டுது" என்று கத்தினான். லட்சுமி வந்து விரட்டினாள். நான் குறை எதுவும் இல்லை என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அன்று எனக்குக் கவலைப்பட ஒன்றுமே இருக்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

இங்கே பாடு பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும், வயல்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் பொதுவானவை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. ஊரில் பேசி முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடம் ஒரு குடும்பத்துக்கு எப்போதாவதுதான் வரும். உங்கள் முறை வருகிற நாளில் நீங்கள் வலை கட்டாவிட்டால் போனது போனதுதான். யாரும் தங்கள் முறையை விட்டுத்தர மாட்டார்கள். விட்டுத்தரவும் முடியாது. அவர்கள் வீட்டிலும் உலை இருக்கிறது.

அந்தக் கத்திரி வெயில் நாட்களில் தேசப்பனின் முறை வந்தது. அந்த முறைநாளுக்கு என்று ஒரு பெரிய இறால் வலை வைத்திருந்தார்கள். தினமும் எடுத்துப் போகிற சின்ன வலை வேறு. முன்பெல்லாம் பெரிய வலைகளை ஊருக்குப் பொதுவான வலைக்கூடத்தில் போட்டிருப்பார்கள். அது போன புயலில் சாய்ந்துவிட்டதால், அவரவர் வலை அவரவர் வீட்டில். தேசப்பன் அதைச் சுருட்டி விட்டத்தில் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார். எங்கள் பலகைக்கு நேர் கீழே. நாங்கள் பலகை கட்டும்போதே அது அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் ஏணியை நகர்த்தினோம்.

முறைக்குச் சில நாள் முன்னால் வலையை இறக்கிப் பிரித்தபோது, மடிப்புக்கு மடிப்பு ஓட்டை.

மேஸ்திரிக்குப் போன் வந்தது. நானும் அவரும் குட்டியானை வண்டியில் ஏணியையும் போட்டுக்கொண்டு, பழவேற்காட்டுக்குச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். வாசலில் வலை விரித்துக் கிடந்தது. சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து ஓட்டைகளைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தேசப்பன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

"வாக்கா" என்றார். "வீட்டக் குளுரப் பண்ணித் தரேனு சொன்னீங்க. எலிக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க."

மேஸ்திரி ஏணியில் ஏறி ஒரு பலகையை அவிழ்த்து, வாசலுக்குக் கொண்டுவந்து முழங்காலில் வைத்து உடைத்தார். உள்ளே குடைந்து குடைந்து வழி போட்டிருந்தது. வைக்கோலுக்கு நடுவில் நெல்மணி. உமியாக்கிப் போட்டது பாதி, இன்னும் தின்னாதது பாதி. அந்தப் போகத்தில் அறுவடை நேரத்து மழையில் பயிர் சாய்ந்துவிட்டது. சாய்ந்த பயிரில் மிஷின் ஓடினால் கதிர் முழுசாக உதிராது. அந்த வைக்கோலைத்தான் நாங்கள் வாங்கி அழுத்தியிருக்கிறோம். சுண்ணாம்பு இருக்கிறதே, எலி வாய் வைக்காது என்று பட்டறையில் எல்லோரும் நம்பினோம். ஆரம்பாக்கத்து வீடுகளிலும் எலி இருந்திருக்கிறது. பிறகு கேட்டபோது, "ஆமாம், எலி இல்லாத வீடு ஏது" என்றார்கள். நெல் வைத்திருக்கிற வீட்டில் எலியை ஒரு குறையாக யாரும் சொல்ல மாட்டார்கள். வலை வைத்திருக்கிற வீட்டில் அது வேறு. வயல்காரர்கள் கையில் உருவான பலகை. வலை எங்கே தொங்குகிறது என்று கேட்கிற யோசனை எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

"எல்லாத்தையும் இன்னிக்கே எறக்கிடறேன்" என்றார் மேஸ்திரி. "பதரு, மணி இல்லாம சுத்தமா உதறி வேற செஞ்சி எடுத்தாறோம்."

"வேற எப்ப வரும்?" என்று லட்சுமி கேட்டாள்.

"காயணும்மா. கொஞ்ச நாளாவும்."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏழுமலை கட்டிலில் கைகளை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தான்.

கத்திரி முடியவில்லை. புண் இப்போதுதான் மேல்தோல் பிடித்திருக்கிறது. "மேஸ்திரி, கட்டிலுக்கு மேல மட்டும் விட்டுடலாமே" என்றேன். "மத்ததெல்லாம் எறக்கிடலாம். வலைய வேற வீட்டுல..."

"வேற வூட்டுல வலைய வச்சி அங்க ஏதாச்சும் ஆனா, நான் யாரப் போய்க் கேக்கறது?" என்றார் தேசப்பன். "ஊர்ல பேசற பேச்சாக்கா அது?"

மேஸ்திரி என்னை வண்டி ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ஒரு பலகை இருந்தாலும் எலி இருக்கும். உனக்கே தெரியும். நீ யாருக்குப் பயப்படற? அந்தப் பையனுக்கா, பட்டறைப் பேருக்கா?"

"அவனுக்குத்தான்" என்றேன்.

"அப்போ சரி. ஆனா அந்த வலைக்கும் பயப்படு. அந்தப் பையனோட மருந்தும் சோறும் அதுலதான் கீது."

பிள்ளைகளே, இப்படி ஒரு இடத்தில் நீங்கள் ஒருநாள் நிற்பீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், இரண்டில் ஒன்றை உங்கள் கையால் அவிழ்க்க வேண்டியிருக்கும். நான் இன்றுவரை அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை. மேஸ்திரி சொன்னதில் தப்பு இல்லை என்று மட்டும் தெரியும்.

நாங்கள் உள்ளே போனோம். கட்டிலை நகர்த்தினால்தான் ஏணி நிற்கும். லட்சுமியும் நானும் பிடித்து நகர்த்தினோம். கட்டிலுக்கு அடியில் சுவர் மூலையில் ஓர் அலுமினியத் தட்டு. அதில் காய்ந்த சோறு, மீன்தலை. சுற்றிலும் எலிப்புழுக்கை.

லட்சுமி தட்டைக் கையில் எடுத்தாள்.

"ஏழு, இது பூனைக்குனுதான தினம் வைக்கச் சொன்ன?"

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பூனையப் பாத்தாலே வெரட்டுனு கத்துவ. அப்பால எந்தப் பூனைக்குடா சோறு?"

பின்னிக்கொண்டிருந்தவர்களில் யாரோ வாசலில் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கட்டின கொஞ்ச நாள்லயே வந்துட்சி அண்ணி. பகல்லயே ஓடும். சொன்னா பலகைய எறக்கிடுவாங்கனு... வவுறு ரொம்பிட்சின்னா வலைக்குப் போவாதுனு பாத்தேன்."

போனில் ஏன் அவ்வளவு சத்தமாகப் பாட்டு ஓடியது என்று அப்போது புரிந்தது.

தன் பங்குச் சோற்றில் பாதியை எலிக்கு வைத்து, பலகையையும் வலையையும் ஒன்றாகக் காப்பாற்றிவிடலாம் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறான். ஆனால் சோறு வைக்கிற வீட்டுக்கு எலி இன்னும் நாலைக் கூட்டிக்கொண்டுதான் வரும். படுத்த இடத்திலிருந்து அது அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் வேறு வழி இல்லாமல் இருந்ததோ என்னவோ.

தேசப்பன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவர் தம்பியைத் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் உள்ளே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். ஏறவும் இல்லை, ஏணியை விடவும் இல்லை.

"ஏறுண்ணா" என்றான் ஏழுமலை. "எம்மேல இருக்கறத மொதல்ல எடு. நைனா இருந்தா இந்நேரம் என்னையே தூக்கி வெளிய போட்டிருக்கும்."

"சும்மா கெட" என்றார் தேசப்பன். அது ஒன்றுதான் அவர் தம்பியிடம் சொன்னது. அவரே ஏறினார். ஒவ்வொரு பலகையாக அவிழ்த்து என் கையில் கொடுத்தார். தம்பியின் முகத்தில் தூசி விழாமல் லட்சுமி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பலகை இறங்கியதும் சீட்டிலிருந்து அனல் கீழே இறங்கியதை நாங்கள் எல்லோருமே உணர்ந்தோம்.

வலையைப் பின்னி முடித்துவிட்டார்கள். முறைநாளில் தேசப்பன் போய்க் கட்டினார். அந்த வருஷம் முகத்துவாரத்தில் மண் அடைத்துக் கிடந்தது. கடல்தண்ணீர் உள்ளே வராமல் இறால் எங்கிருந்து வரும்? வலையில் ஒட்டியிருந்ததைப் பாசியும் நண்டுக்குஞ்சுமாகக் கரையில் உதறிவிட்டு வந்தாராம். எனக்கு இதைச் சொன்ன லட்சுமி, "எதுக்கு எறக்கினோமோ அதுவும் இல்ல" என்றாள். பிறகு, "உன்னச் சொல்லலக்கா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஏழுமலைக்குப் புண் மறுபடி திறந்துகொண்டது. காய்ச்சல் வந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

நாங்கள் அந்த நாட்களில் செய்ததை நீங்கள் இன்று பழக்கமாகச் செய்கிறீர்கள். வைக்கோலை இரண்டு தடவை அடிப்பது, கட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் எடுத்துத் தரையில் உதறி மணி விழுகிறதா என்று பார்ப்பது, ஓரங்களில் தகரம் மடித்து அடிப்பது, வீட்டுக்குள் போனதும் வலை எங்கே தொங்கும் என்று கேட்பது. ஏன் இவ்வளவு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் அந்த வாசலில் உடைத்த பலகையிலிருந்து வந்தது.

புதுப் பலகைகள் காய்ந்ததும் கொண்டுபோய்க் கட்டினோம். ஏழுமலையும் வீடு திரும்பியிருந்தான். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துவிட்டு வரப் போனேன். ஆள் பாதியாகிவிட்டான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்ததும் அவனே கையை நீட்டி அதை நிறுத்தினான்.

"கேட்டுப் பாருக்கா" என்றான்.

நின்று கேட்டேன். தூரத்தில் கடல் சத்தம். யாரோ எங்கேயோ படகு இஞ்சினை இழுத்து இழுத்துப் பார்க்கிற சத்தம். மேலே ஒன்றும் இல்லை.

"ஒன்னும் இல்லக்கா. நெசமா" என்றான்.

நான் வெளியே போய் வண்டியிலிருந்து ஏணியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒவ்வொரு பலகையாகத் தட்டினேன். ஓரத் தகரத்தை நெம்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே இருந்த பலகையை இரண்டு தடவை பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. அவன் சொன்னது உண்மை. இறங்கும்போது பார்த்தேன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். புண் எலும்புவரை போய்விட்டது என்றார்களாம். பலகை இல்லாமல் கிடந்த நாட்களால் வந்ததா, அதற்கு முன்பே உள்ளே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். நம் பலகை யாருக்கு ரொம்ப உதவுகிறதோ, அவர்கள் அதன் குறையைச் சொல்ல மாட்டார்கள். எங்கே எடுத்துவிடுவோமோ என்று பயப்படுவார்கள். அதனால் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். முழங்கால் நன்றாக இருக்கிறவரை ஏறிப் பாருங்கள்.

ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியதும் உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அடுத்த வீடு காத்திருக்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, நீ சொன்னது சரிதாம்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அன்று எனக்கு வண்டி ஹாரன் அடித்தது. நான் கிளம்பிவிட்டேன்.